கல்வித்துறை மூடப்படவில்லை, மாறியது கடன் விதி

"ட்ரம்ப் கையெழுத்துப் போட்டு அமெரிக்கக் கல்வித்துறையை மூடிவிட்டார், இனி அங்கே மாணவர் கடனே கிடையாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

2025 மார்ச் 20 அன்று அவர் கையெழுத்திட்டது, துறையை மூடுவதற்கான வேலைகளைத் தொடங்கச் சொல்லும் நிர்வாக உத்தரவு. அதிலேயே 'சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்ற வரம்பு இருக்கிறது. 1979-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கிய துறை அது. ஒழிக்க வேண்டுமென்றால் இன்னொரு சட்டம் வேண்டும். ஊழியர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் குறைக்கப்பட்டது உண்மைதான். ஜூலையில் அந்த ஆட்குறைப்புக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதைத்தான் பலர் 'மூட அனுமதி' என்று பரப்பினார்கள். அது வெறும் இடைக்கால உத்தரவு.

சரி, கடன்? உண்மையில் கவலைப்பட வேண்டிய மாற்றம் வேறு சட்டத்தில் இருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான அந்தச் சட்டப்படி, புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 2026 ஜூலை 1 முதல், பட்டப்படிப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தந்துவந்த 'கிராட் பிளஸ்' கடன் இல்லை. அதில் படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்தது. இனி முதுநிலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம்தான். மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். தனியார் மருத்துவக் கல்லூரிக்கு இது போதவே போதாது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மிச்சத்துக்குத் தனியார் வங்கியைத்தான் தேட வேண்டும். இதுதான் பேசப்பட வேண்டிய அநியாயம்.

அப்புறம், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் நம் மாணவர்களுக்கு இந்த அரசுக் கடன் முன்பும் கிடைத்ததில்லை. தயவுசெய்து அவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.