பேரு போட்டா போதுமா அண்ணாச்சி?

படத்தை இலவசமாகக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எதற்கு, எங்கே, எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்பதுதான் பொறுக்க முடியவில்லை. நம்ம திருநெல்வேலிப் பக்கம் குளம், கோயில், தேர் என்று கேமராவோடு அலைகிற தம்பிமார் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு விடுதியிலிருந்து மெசேஜ். "அண்ணாச்சி, உங்க கூந்தன்குளம் வாத்து படம் சூப்பர், ஒரிஜினல் அனுப்புங்க, ரிசப்ஷன்ல பெருசா மாட்டப் போறோம், உங்க பேரு போட்டுருதோம்." பிரிண்ட் போடுகிறவருக்குக் காசு உண்டு, பிரேம் செய்கிறவருக்கு உண்டு, சுவரில் துளை போட வருகிறவருக்கும் கூலி உண்டு, படம் எடுத்தவனுக்கு மட்டும் பேராம். அந்த வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி நம்ம கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற பறவை. அதன் வெள்ளைத் தலையில் இருக்கும் இரண்டு கறுப்புப் பட்டையும் தெளிவாக விழ வேண்டுமென்றால் காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், குளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் கூட்டம் எட்டத்துக்குப் போய்விடும், வாடகை லென்ஸுக்குப் பறவை வந்தாலும் வராவிட்டாலும் அன்றைய காசை வைத்துவிட வேண்டும்.

பேர் போடுவது அவர்கள் நமக்குத் தருகிற சம்பளமே இல்லை. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஏற்கெனவே நமக்குக் கொடுத்திருக்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு, முகநூலில் போட்டதால் படம் பொதுச்சொத்தாகவும் ஆகாது. நாம் உயிரோடு இருக்கும் காலம் முழுக்கவும், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். ஆனால் கல்யாண வேலை எடுக்கிற தம்பிகள் ஒன்றைக் கவனிக்கணும். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் அந்த வாடிக்கையாளர்தான். அதை ஆல்பம் பேசும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூந்தன்குளத்து ஜனங்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறவர்கள், வீட்டுப் பக்கத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்கிறவர்கள். அந்த ஊரில் யார் கேட்டாலும் முழு அளவுப் படமே கொடுப்பேன், அவர்களால்தானே எனக்குப் படமே கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை சார்ட்டில் ஒட்டக் கேட்டாலும் அப்படித்தான். வியாபாரத்துக்கு என்றால் பேச்சு வேறு.

அந்த விடுதிக்காரரிடம் சண்டை போடவில்லை. எந்த அளவு, எத்தனை வருஷம், விளம்பரத்திலும் வருமா என்று கேட்டுவிட்டு ஒரு தொகை சொன்னேன். பதில் வரவில்லை, சரி, போகட்டும். ஒத்துக்கொண்டிருந்தாலும் வாட்ஸ்அப்பில் "எடுத்துக்கோங்க" என்று விட்டிருக்க மாட்டேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்திருப்பேன். எழுதும்போது காலத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள், விட்டுவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடத்தை விட்டால் இந்தியா முழுக்க.

நான் வைத்திருக்கும் அனுமதிக் கடிதம் தமிழில் ஒரே பக்கம்தான். வேண்டுகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.