சவேரியார் முன்னால் ஒரு செல்ஃபி

அரிசோனாவில் டூசானுக்குப் பக்கத்தில், பாலைவனத்தின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறது சான் சேவியர் டெல் பாக் தேவாலயம். 1797-இல் கட்டி முடித்தார்களாம். எங்கே முடித்தார்கள், கிழக்குக் கோபுரம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது! சரி, அதுவும் ஒரு அழகுதான்.

மண்டை பிளக்கும் வெயிலில் போய் உள்ளே நுழைந்தால், ஒரே செல்ஃபிக் கூட்டம். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்த அதே சவேரியார், அங்கே சிலையாகப் படுத்திருக்கிறார். மேலே போர்த்திய துணி முழுக்க நேர்ச்சைக்குக் குத்திய குட்டிக் குட்டிக் கை, கால், இதயத் தகடுகள். ஒரு பாட்டி சிலையின் தலையை மெல்லத் தூக்கி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார். பின்னாலிருந்து ஒருவர், கொஞ்சம் நகரச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். படத்தில் பாட்டி விழுகிறாராம்! இன்றும் பூசை நடக்கிற கோயில் ஐயா அது, கண்காட்சி இல்லை.

முகப்பில் ஒரு பூனையும் எலியும் செதுக்கியிருக்கிறார்கள். பூனை எலியைப் பிடிக்கிற அன்று உலகம் முடியும் என்று கதை. அதையாவது நிம்மதியாகப் பார்ப்போம் என்று வெளியே வந்து அண்ணாந்தால், எலியை மறைத்துக்கொண்டு ஒரு செல்ஃபி ஸ்டிக்.