ஒரு சிரட்டைக்கு 500 ரூபாய்

தேங்காய்க்கு இல்லை. தேங்காயைத் துருவி எடுத்தபிறகு மிஞ்சிய சிரட்டைக்கு 500 ரூபாய் அபராதம்.

இன்று காலை எங்கள் டெல்லி அடுக்குமாடி சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டு எண் போட்டுப் படம் வந்திருக்கிறது. உடைத்த சிரட்டைத் துண்டு நாலையும் தரையில் வரிசையாக அடுக்கி, அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவும் வைத்து எடுத்திருக்கிறார்கள். பிடிபட்ட கள்ளத் துப்பாக்கியைக்கூட இவ்வளவு அழகாக அடுக்க மாட்டார்கள். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். அந்தப் பதினேழில் நாலு பேர், ஞாயிற்றுக்கிழமை அதே தேங்காய் அரைத்த அவியலை என்னிடம் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனவர்கள்.

திங்கள்கிழமை காலை ஏழரை மணிக்கு குப்பை எடுக்கும் பையன் வந்தான். பச்சை டப்பாவைத் திறந்தான். சிரட்டையை எடுத்து வெளியே வைத்தான். "ஆன்ட்டி, இது கீலா இல்லை." சரி, ஈரக் குப்பை இல்லையென்றால் உலர்ந்த குப்பை. நானே எடுத்து நீல டப்பாவில் போட்டேன். அதிலிருந்தும் எடுத்து வெளியே வைத்தான். "சூகாவும் இல்லை." அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றால் இரணியன் வாங்கிய வரமா இது? அதற்கேற்றாற்போல் சிரட்டையும் உள்ளே இல்லாமல் வெளியே இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. நரசிம்மர்தான் வரவில்லை.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. பொறுக்கி எடுக்கும் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் போட்டுத்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவன் கணக்கில் குப்பை இரண்டே வகை, விற்பது, விற்காதது. சிரட்டையைக் கபாடிக்காரர் வாங்க மாட்டார். உரக்குழியில் போட்டால் தோட்டக்காரர் திட்டுவார், அது லேசில் மக்காது. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளோ மூன்று வகை சொல்லியிருந்தன: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் குப்பை. அந்தக் கணக்கில் சிரட்டை மக்கும் குப்பை. எந்த ஜென்மத்தில் மக்கும் என்பதுதான் அதில் இல்லை.

வீட்டுக்காரர் யோசனை சொன்னார், அகப்பை செய்யலாமாம். வாரத்துக்கு ஐந்து தேங்காய் உடைக்கிற வீட்டில் எத்தனை அகப்பை செய்வது? சொசைட்டியில் ஆளுக்கொன்று கொடுக்கலாம், அந்தப் பதினேழு பேருக்கும் தலையில் ஒன்று போட்டே கொடுக்கலாம். கடைசியில் செவ்வாய்க்கிழமை ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு சுத்தியலால் நாலு துண்டாக உடைத்து, பச்சை டப்பாவில் பீர்க்கங்காய்த் தோலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். நம்ம ஊர்க்காரர்தான், திருநெல்வேலி. "அக்கா, ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். ஓகோ. அந்த ரூல்ஸ் கேட்டுக்கு வெளியே எத்தனை அடி வரைக்கும் நடக்கிறது என்று பார்க்க, பையனின் தள்ளுவண்டிக்குப் பின்னாலேயே டலாவ் வரை, அதாவது தெருக் குப்பையெல்லாம் கொட்டிவைக்கும் கொட்டகை வரை, போனேன். உரக்குழி மூன்று மாதமாக நிரம்பிக் கிடக்கிறது, அதனால் பச்சையும் அங்கேதான் போகிறது. நீலமும் அங்கேதான் போகிறது. ஒரே குவியல். மேலே ஒரு மாடு. அது மட்டும்தான் அங்கே எதையாவது தரம் பிரித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து லாரி எங்கே போகிறது என்று எங்கள் மயூர் விஹார்காரர்களிடம் கேட்கவே வேண்டாம். மொட்டை மாடியில் ஏறினால் பருந்துகள் வட்டமிடும் காஜிப்பூர் குப்பை மலை தெரிகிறது. 1984-இல் கொட்ட ஆரம்பித்த இடம், 2002-லேயே நிரம்பிவிட்டது. இருபது மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றார்கள். 2019-இல் 65 மீட்டர் ஆகிவிட்டது, இன்னும் எட்டு மீட்டர் வளர்ந்திருந்தால் குதுப்மினார் உயரம். 2017 செப்டம்பரில் ஒரு பக்கம் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். அடியில் காற்றே இல்லாமல் அழுகும் ஈரக் குப்பை மீத்தேனாக மாறுகிறது. கோடை வந்தால் அது பற்றிக்கொள்கிறது, 2024 ஏப்ரலில் எரிந்தபோது நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருமிக்கொண்டிருந்தோம். மும்பை கோராயில் 2007-இல் கொட்டுவதை நிறுத்தினார்கள், அப்புறம் மேட்டை மண் போட்டு மூடி, குழாய் இறக்கி, அந்த வாயுவைப் பிடித்தார்கள். இங்கே அது பிடிப்பாரில்லாமல் தானாகவே தீபாவளி கொண்டாடுகிறது.

மலைக்குப் பக்கத்திலேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை இருக்கிறது, 12 மெகாவாட். ஆனால் நம் ஊர்க் குப்பையில் பாதி சோறும் காய்கறித் தோலும்தான். நனைந்த விறகில் அடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த லட்சணம்.

இதை யோசித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகர்கோவிலில் எங்கள் ஆச்சி வெந்நீர் அடுப்புக்கு எதைப் போடுவாள்? சிரட்டையை. இஸ்திரிப் பெட்டிக்கு எதன் கரி? சிரட்டைக் கரி. ஆக, இந்த சொசைட்டியின் மொத்தக் குப்பையிலும் உருப்படியாக எரியக்கூடிய ஒரே ஒரு சாமானைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, அதற்கு அபராதம் போட்டிருக்கிறார்கள்.

500 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். போகட்டும். ஆனால் அவியல் வாங்கிப் போன நாலு கிண்ணமும் இன்னும் திரும்பி வரவில்லை. அதில் ஒன்று அம்மா பேர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணம். அதைப் படம் எடுத்துக் குழுவில் போட யாரும் இல்லை.