நகருக்குள்ளும் ஓர் இரவு தங்குங்கள்

மே பிறந்துவிட்டால் எங்கள் திருகோணமலைக் கடல் அடங்கிவிடும். மார்கழியில் கரையை அறைந்த அதே கடல், செப்டெம்பர் வரை குளம்போலக் கிடக்கும். அந்த மாதங்களில் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம்மவர்களில் பலர் நேரே நகருக்கு வெளியே உள்ள உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ போய் இறங்கி, ஹோட்டல் வாசலிலேயே கடல் குளித்து, புறாத்தீவுக்குப் படகேறி, கடைசி நாளில் கோணேசர் கோயிலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திருகோணமலையைப் பார்த்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும்போது, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் என்ற வகையில் எனக்கு மனம் வலிக்கிறது.

நிலாவெளி மணலுக்கு ஈடில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓர் இரவையாவது நகருக்குள் கழியுங்கள் என்பதே என் வேண்டுகோள். மறுநாள் வெயில் ஏறுமுன் பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு நடந்தே ஏறுங்கள். கோட்டைச் சுவரைக் கடக்கும்போது சற்று நில்லுங்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பழைய கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டுதான் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு அது ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. சம்பந்தர் கடல் கடந்து வராமலேயே பதிகம் பாடிய அந்தத் தலத்தின் திருவுருவங்கள் சில, 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1963இல் மீண்டும் குடமுழுக்கு நடந்தது. இவ்வளவையும் நினைத்துக் கும்பிட அரை மணித்தியாலம் போதாது.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஒதுங்குவதில்லை. போன மாதம் ஒரு மான், யாரோ சோறு கட்டிவந்து எறிந்த லஞ்ச் ஷீற்றைக் குழம்பு வாசத்துக்காக மென்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் இழுத்தும் பாதி உள்ளே போய்விட்டது. வாயில்லாச் சீவன், அதற்கு என்ன தெரியும்? கொண்டுவரும் பொலித்தீனைத் தயவுசெய்து திரும்பக் கொண்டுபோங்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவிலும் முருகைக்கல்லின்மேல் (பவளப்பாறையின்மேல்) ஏறி நிற்காதீர்கள்; கல் என்று பேர் இருந்தாலும் அது உயிருள்ளது.

வெயில் தாழ்ந்ததும் டச்பே கடற்கரைக்கு வாருங்கள். சென்ற ஞாயிறு அங்கே அச்சாறு விற்கும் அம்மா, மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கியபடி எனக்குத் தமிழில் விலை சொன்னார். அதே மூச்சில் பக்கத்தில் நின்ற குடும்பத்துக்குச் சிங்களத்தில் எண்ணி மீதிக்காசு கொடுத்தார். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த வாப்பா ஒருவர், மகளுக்கு உறைப்பைக் குறைத்துப் போடும்படி கேட்டுக்கொண்டு நின்றார். போர்க்காலத்தில் பொழுதுபடுமுன் கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று இருட்டிய பிறகும் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் அந்த மணலில் ஓடி விளையாடுவதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொழுதுபடுமுன் நிலாவெளி ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டால் அதைப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் ஓர் இரவு கேட்கிறேன்.