கெயினைக் குறைத்தால் டிஸ்டோர்ஷன் ஓவர்டிரைவ் ஆகிவிடாது

“எல்லாம் ஒரே சுற்றுத்தான், டிஸ்டோர்ஷன் பெடலொன்றை வாங்கிக் கெயினைக் குறைத்தால் அதுவே ஓவர்டிரைவ்” என்று ஒருவர் எழுதியிருப்பதை நம்பி, மின்கிட்டாருக்கு முதற் பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டி) வாங்கக் காத்திருக்கும் தம்பி காசைச் செலவழித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஓவர்டிரைவ் மென்மையான கரகரப்பையும் டிஸ்டோர்ஷன் கடுமையான கரகரப்பையும் தரும்; கெயின் என்பது ஒலியைப் பெருக்கும் அளவு.

ஐபனெஸ் ரியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலில், அலையை நறுக்கும் டயோட்கள் ஒப்-அம்பின் (ஒலியைப் பெருக்கும் சில்லு) பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீட்டை மீண்டும் உள்ளீட்டுக்குக் கொண்டுவரும் பாதையில் இருப்பதால், நறுக்கப்பட்ட ஒலியோடு நறுக்கப்படாத மூல ஒலியும் சேர்ந்தே வெளிவருகிறது; மெதுவாக மீட்டினால் தெளிவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பும் கிடைப்பது இதனாற்றான். 1978இல் வந்த பொஸ் டி.எஸ்.1 டிஸ்டோர்ஷன் பெடலிலோ டயோட்கள் ஒப்-அம்புக்குப் பின்னால் தரைக்கு (சுற்றின் பூச்சிய மின்னழுத்தப் புள்ளிக்கு) இணைக்கப்பட்டிருப்பதால், அலையின் உச்சி தட்டையாக வெட்டப்படுகிறது. அதன் ரோன் (தொனி) குமிழை நடுவில் வைத்தால் நடு அதிர்வெண்கள் குழிவிழும். ரியூப் ஸ்க்ரீமரில் அவை 720 ஹேர்ட்ஸ் அளவில் மேடாக எழும். கெயின் குமிழ் இந்த வேறுபாட்டைத் தொடுவதேயில்லை.

யாழ்ப்பாணத்தில் என் வீட்டறையில், சிறிய ட்ரான்சிஸ்டர் அம்ப்ளிபயரில், டிஸ்டோர்ஷனின் கெயினை ஒன்பது மணி நிலைக்கு இறக்கிப் பார்த்தேன்: கரகரப்புக் குறைந்தது, ஆனால் மெலிந்த, விளிம்பு கூரான ஒலியே எஞ்சியது.

ஒரே பெடலில் இரண்டும் வேண்டுமானால், ரற் (RAT) என்ற டிஸ்டோர்ஷன் வகைப் பெடலை நேரில் வாசித்துப் பார்க்கலாம். அதுவும் தரைக்கு வெட்டும் சுற்றே என்றாலும், குறைந்த கெயினில் அது தடிப்பாக ஒலிப்பதாக என் செவிக்குப் படுகிறது.