பாலம் போட்டவர் சண்டை போடவில்லையாம்

செவ்வாய்க்கிழமை, 1971 பாகிஸ்தான் போரின் வெற்றி நாள் விழாவில், முன்னாள் ராணுவத்தினருக்குச் சால்வை போட்டபோது என் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

“அவர் ரோடு, பாலம் போடுகிற பிரிவுதானே? இது சண்டை போட்டவர்களுக்கான சால்வை.” மேடையில் இருந்தவர் இதைப் பக்கத்தில் இருந்தவரிடம்தான் சொன்னார், ஆனால் மைக்கை அணைக்கவில்லை. பாதி எழுந்துவிட்ட அப்பா, வேட்டியைச் சரிசெய்வதுபோலக் குனிந்து மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஆமாம் ஐயா, ரோடு போட்டார். 1971 டிசம்பரில், மேற்குப் போர்முனையில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் போட்டார். எதிரி கண்ணிவெடி புதைத்து வைத்திருந்த மண்ணில் போட்டார். அவர் மெட்ராஸ் சேப்பர், அதாவது ராணுவப் பொறியியல் பிரிவுச் சிப்பாய். பட்டாளத்தில் இவர்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். டாங்கி போக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தம்பி போயாக வேண்டும். இருட்டில் குப்புறப் படுத்து, மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்து, இரும்பு தட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் மண்ணை விலக்க வேண்டும். சண்டை இல்லையாம் இது!

டிசம்பர் 16 அன்று 21 வயதில் உயிர்விட்டுப் போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற டாங்கிப் படை அதிகாரி அருண் கேதர்பாலை எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருக்கவும் வேண்டும். அவருடைய படைப்பிரிவின் டாங்கிகள், கண்ணிவெடிகளை முழுதாக அகற்றி முடிக்காத பாதையிலேயே துணிந்து போயின என்று வியந்து பேசுகிறோம். அதுவரை அகற்றியவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை.

“சம்பளத்துக்குத்தானே போனார்?” என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். சம்பளத்துக்குத்தான் போனார். மானாவாரி நிலம், கல்யாணத்துக்கு மூன்று தங்கைகள், வயது பதினெட்டு. வேறு எதற்குப் போவார்? ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து மாதம் தவறாமல் மணியார்டர் வந்ததால்தான் என் அத்தைகளுக்குக் கல்யாணம் நடந்தது. சம்பளம் வாங்குகிறவன் காலை வைத்தால் கண்ணிவெடி வெடிக்காதா? போரைக் கொண்டாடுகிறாயா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கொண்டாடியதில்லை.

ஒரு சால்வைக்கு இவ்வளவா என்றால், சால்வை பெரிதில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய். முந்தின இரவு அவர் பழைய வேட்டித் துணியைக் கிழித்து, பிராசோ பாலிஷ் தொட்டு, அந்தப் போரின் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார் பதக்கத்தை அரைமணி நேரம் தேய்த்ததைப் பார்த்தவன் நான். எழுபத்தைந்து வயதில் விரல் நடுங்குகிறது. நாடாவை நானே குத்திவிடுகிறேன் என்றேன், விடவில்லை.

இன்றைக்கும் புதிதாக மூடிய பள்ளத்தை அவர் மிதிப்பதில்லை. தெருவில் குழாய் பதித்து மண்ணை மூடியபோது, கைத்தடியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் என் மகளைப் பள்ளி வேனுக்கு அனுப்பினார். ஓட்டுநர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? ஆறாம் வகுப்பில் நானும் அதையேதான் செய்தேன். உன் அப்பா எத்தனை பேரைச் சுட்டார் என்று பையன்கள் கேட்டபோது, பத்து என்றேன். மண்ணைக் குத்திப் பார்த்தார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அது அவர் காதுக்குப் போனது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு வழக்கம்போல என் ஷூவுக்கு அவர்தான் பாலிஷ் போட்டார்.

சால்வையை வீட்டுக்கே கொடுத்தனுப்புவதாக இன்று காலை தொலைபேசியில் சொன்னார்கள். அப்பா தூங்குகிறார், பிறகு பேசுங்கள் என்று வைத்துவிட்டேன். அவர் என் எதிரில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.