உப்புக் கணக்கைக் கேளுங்கள்

நொய்யல் ஆறு சிவப்பாக ஓடினால் அது அன்றைக்குச் செய்தி. நிறமில்லாமல் ஓடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருப்பூர் சாயக்கழிவு விஷயத்தில் நாம் திரும்பத் திரும்ப ஏமாறும் இடம் இதுதான். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் பெருமளவு இறங்கிவிடும். உப்பு இறங்காது, கண்ணுக்கும் தெரியாது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதியியல் முறையில் பிணையும் சாயம்) ஏற்றும்போது லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர் நிறம் என்றால் அளவு மேலே போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 480 கிராம் உப்பு. ஒரு டன் துணிக்குக் கிட்டத்தட்ட அரை டன். சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. துணியில் தங்காது, போட்ட உப்பெல்லாம் அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

பாக்டீரியா கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது. முதலில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோற்றது உப்பை நீக்க முடியாததால்தான். 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போய், ஆயக்கட்டு விவசாயிகளே நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

இன்றைய முறையில் உயிரியல் சுத்திகரிப்பு முடிந்ததும் ஆர்.ஓ. (சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிப்பது), மிஞ்சும் அடர் கழிவுக்குத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், கடைசியில் உப்பாக எடுப்பது. ஒழுங்காக ஓடினால் நல்ல ஏற்பாடு. கெடும் விதமும் தெரிந்ததுதான். உயிரியல் தொட்டியில் காற்று குறைந்தாலோ, திடீரென அதிகச் சுமை வந்தாலோ, மிச்சக் கரிமமும் நிறமும் ஆர்.ஓ. சவ்வில் போய்ப் படியும். கடினத்தன்மையும் சிலிக்காவும் அதன்மேல் செதிலாகும். சவ்வு அடைத்தால் நல்ல தண்ணீர் குறைந்து, ரிஜெக்ட் எனப்படும் அந்த அடர் கழிவு பெருகும். எவாப்பரேட்டருக்கு அவ்வளவு கொள்ளளவு கிடையாது, அதை ஓட்டும் கரண்ட், விறகுச் செலவும் கடுமை. அப்போதுதான் மழை நாளாகப் பார்த்து எங்கோ ஒரு வால்வு திறக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆற்றங்கரையில் காவல் காக்க வேண்டியதில்லை, உப்புக் கணக்கு கேட்டால் போதும். தினம் 10 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் கரைந்த உப்பு என்றால் நாளுக்கு 6 டன். அது ஒன்று உப்புக் கரைசலாக மறுபடி சாயத்துக்குப் போயிருக்க வேண்டும், இல்லை குடோனில் கலப்பு உப்பாக இருக்க வேண்டும். மாதாமாதம் புது உப்பு அதே அளவில் வாங்குகிறார்கள், குடோன் இருப்பு ஏறவில்லை என்றால், அந்த உப்பு மண்ணுக்குத்தான் போயிருக்கிறது. எவாப்பரேட்டரின் கரண்ட் ரீடிங்கையும் விறகு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆலைவாரியாக இந்தக் கணக்கை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வரும் உப்பு வெறும் சுவைப் பிரச்சினை இல்லை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 2,000இலேயே 3 லிட்டர் குடிப்பவர் உடம்புக்குள் 6 கிராம் போகிறது. அதில் பாதிதான் சோடியம் குளோரைடு என்றாலும் 3 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சாப்பாடு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் உப்பே 5 கிராமுக்குக் கீழ்தான். ரத்த அழுத்தம் இருப்பவர்களையும் கர்ப்பிணிகளையும் நினைத்துப் பாருங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்போ இன்னும் அடர்த்தியாகும். உப்பாவது நாக்குக்குத் தெரியும்; குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களுக்கு அந்த எச்சரிக்கைச் சுவைகூடக் கிடையாது. கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுப்பவர்கள் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். உலோகச் சோதனைக்குத் தனி பாட்டில், நைட்ரிக் அமிலம் சேர்த்தது, ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றோட்டத்தில் மேலே உள்ள ஒரு கிணற்றிலும் அதே நாளில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

பழியைச் சாயப்பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிறத்தை முடிவு செய்வது துணியை வாங்கும் பையர், கிலோவுக்கு ரேட்டை இறுக்குவதும் பையர். ஐரோப்பாவுக்குப் போகும் துணியில் தடைசெய்த அமீன்கள் (சில சாயங்கள் சிதைந்து உண்டாகும் நச்சுப் பொருட்கள்) கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சோதிக்கிறார்கள். உடுத்துபவருக்கு அது அவசியம்தான். ஆனால் அந்தத் துணி ஆற்றில் எவ்வளவு உப்பை விட்டுவிட்டு வந்தது என்பதை எந்தத் துணிச் சோதனையும் சொல்லாது.

சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியில் பள்ளிக்கு ஆர்.ஓ. இயந்திரம் கொடுப்பதை இதற்கு ஈடாகக் காட்டுவதையும் ஏற்க முடியாது. 2013 கம்பெனிகள் சட்டம் இதற்காகச் சொல்லும், லாபத்தில் 2 சதவீதம், தொழிலின் வழக்கமான செலவுகளுக்கு அப்பாற்பட்டது. கழிவைச் சுத்திகரிப்பது தொழில் செலவு, அது துணியின் விலைக்குள் இருக்க வேண்டும்.

பையர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குறைந்த தண்ணீரில் ஓடும் இயந்திரத்தில் சாயமேற்றச் சொல்லலாம்: கிலோவுக்கு 8 லிட்டர் 5 ஆனால், அதே 60 கிராம் கணக்கில் 480 கிராம் உப்பு 300 ஆகிவிடும். சோடியம் சல்பேட் மட்டும் பயன்படுத்தச் சொல்லலாம். குளிர்வித்தால் அது படிகமாகப் பிரிந்து மறுபடி பயன்படும். சாதா உப்பும் அதுவும் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு, மூட்டை மூட்டையாகக் குடோனில்தான் கிடக்கும். இவற்றை ஆர்டரிலேயே எழுதி, அதற்கான கூடுதல் ரூபாயையும் ரேட்டில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.